புரொபெசர் அருளம்பலம் உயிரோடிருக்கிறார்

டொக், டொக்.

சிட்னி ஹரிஸ் பார்க் கடையொன்றில் வத்தகப்பழங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் இடக்கையைப் பழத்தின் மேல் விரித்து வைத்து, அதன் நடுவிரல் முதுகில் வலக்கை நடுவிரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். கையைக் கொஞ்சம் நகர்த்தினாள். மறுபடியும் டொக், டொக். காதைச் சாய்த்துக் கேட்டாள். திருப்தி வந்த முகத்தோடு பழத்தை வண்டிலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் ஆட்கள் வத்தகப்பழத்தை நேரே குட்டிப் பார்ப்பார்கள். சிலர் காதருகில் தூக்கிக் குலுக்குவார்கள். விரலின் மேல் விரல் வைத்துத் தட்டுகிறவர்கள் மருத்துவம் படித்தவர்கள் மட்டும்தான். அந்தச் சத்தம் என் விலா எலும்புகளுக்குப் பழக்கமானது. சில வருடங்கள் சனிக்கிழமை தோறும் என் முதுகில் மழைத்துளிபோல் விழுந்திருக்கிறது. கடைக்குள் நின்றபடியே என் கை தன்பாட்டில் சட்டைப் பொத்தானுக்குப் போயிற்று. வெங்காயக் கூடைக்குப் பின்னாலிருந்து யாரோ “கவிஞர், சேட்டைக் கழட்டும்” என்று அதட்டப்போவதுபோல.

போன வாரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதியிருந்தேன். கடைசிவரை ரயில் வரவேயில்லையே என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருக்கிறார். இந்த வாரம் ஒரு பேராசிரியர் வருகிறார். அவர் ஒருநாளும் பிந்தியதில்லை. தன் சாவுக்குக்கூட அவர் முந்திவிட்டார்.

என் உடம்பு ஒரு பாடப்புத்தகம்

விபரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ டொக்டராகப் பட்டம் பெற்ற ஒருவர் அவுஸ்திரேலியாவில் விமானத்தை விட்டு இறங்கியதும் டொக்டர் இல்லை. மறுபடியும் பரீட்சை எடுக்கவேண்டும். எழுத்துப் பரீட்சையைப் பாடமாக்கித் தாண்டிவிடலாம். பாடமாக்கல் எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

அடுத்தது மெல்பேணில் நடக்கும் செய்முறைப் பரீட்சை. வரிசையாக அறைகள். ஒவ்வொன்றிலும் நோயாளியாக நடிக்க ஒருவர், புள்ளி போட ஒருவர். மணி அடித்ததும் உள்ளே போகவேண்டும். சில நிமிடங்களுக்குள் வணக்கம் சொல்லி, விசாரித்து, தொட்டுச் சோதித்து, ஆறுதல் கூறி, அடுத்த மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். நாடகம்தான். ஆனால் இந்த நாடகத்தில் வசனம் மறந்தவர்கள் முதியோர் இல்லங்களில் படுக்கை விரிப்பு மாற்றுகிறார்கள், டாக்சி ஓட்டுகிறார்கள். பின் இருக்கையில் இருப்பவருக்கு மூச்சு வாங்குவதைக் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு வீதியைப் பார்க்கிறார்கள்.

இவர்களுக்காகப் புரொபெசர் அருளம்பலம் குவேக்கர்ஸ் ஹில்லில் தன் கராஜில் சனிக்கிழமை வகுப்பு நடத்தினார். இலவசம். அந்தக் கராஜுக்குள் ஒருநாளும் கார் நின்றதில்லை. ஓர் ஆஸ்பத்திரி கழித்துவிட்ட சோதனைக் கட்டில், கோயில் மண்டபத்திலிருந்து வந்து திரும்பிப் போகாத கதிரைகள், மூலையில் புல்வெட்டும் இயந்திரம். கட்டிலில் நான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை சின்னது. ஒரு கல்யாண வீட்டில் அவரிடம் மூச்சு வாங்குவதாகச் சொன்னேன். எங்கள் சமூகத்தில் டொக்டரை ஆஸ்பத்திரியில் பார்ப்பவன் அந்நியன். தெரிந்தவன் என்றால் பந்தியில் பார்க்கவேண்டும். புரொபெசர் ஒரு கையில் வடையோடு நிற்பார், எதிரே ஒருவர் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பார், அவருக்குப் பின்னால் வரிசை. தாலி கட்டும் நேரத்தில்கூட அந்த வரிசை கலைந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

என்னை வெளியே கூட்டிப்போய், கார் டிக்கியிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நெஞ்சில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. கண்கள் மெல்ல மூடின. முகத்தில் நல்ல நாதஸ்வரம் கேட்பவரின் மலர்ச்சி. என் இதயத்தில் ஒரு வால்வு ஒழுங்காக மூடுவதில்லையாம். உயிருக்கு ஆபத்தில்லை. ஒவ்வொரு துடிப்போடும் ஒரு மெல்லிய ஊதல், அவ்வளவுதான்.

“கவிஞர், நான் உம்மட கவிதையொண்டும் வாசிக்கேல்லை,” என்றார். “ஆனா இது நல்லாயிருக்கு.”

இந்த நாட்டில் என்னிடமிருந்து வந்த ஒன்றை ஒருவர் கண்மூடி ரசித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த சனிக்கிழமையே போய்ப் படுத்துவிட்டேன்.

பெரிய மனிதரின் சிறிய வரலாறு

அவரைப் பற்றிக் கேலியாக எழுதுவது சுலபம். அதற்கு முன்னால் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். யுத்த காலத்தில், மின்சாரமும் எக்ஸ்ரே பிலிமும் இல்லாத ஓர் ஆஸ்பத்திரியில், இந்த மனிதர் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு நெஞ்சுக்குள் நீர் எங்கே கட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். நகத்தைப் பார்த்து ஈரலைச் சொன்னார். நடையைப் பார்த்து நரம்பைச் சொன்னார். மண்ணெண்ணெய் விளக்கின் புகையில், ஊசி குத்தவேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாராம். அந்தப் புள்ளி பிசகியதில்லை என்கிறார்கள்.

இனிக் கேலிக்கு வரலாம்.

அவருடைய மாணவர்கள் விடிகாலையில் அவரது காலடி ஓசை கேட்டதும் சிறுநீர் கழிக்க ஓடுவார்களாம். கேள்விக்குப் பிழையான பதில் சொன்னவரைக் கழுதை என்பார். சரியான பதில் சொன்னவரிடம், கழுதைக்கும் சில வேளை வாய்க்கும் என்பார். நோயாளிகளோடு பேசுவது அதைவிடச் சிக்கனம். “திரும்பு. மூச்சை இழு. விடு. போதும்.” இதுதான் அவருடைய முழு உரையாடல். அவர்கள் பிழைத்தார்கள், ஆகையால் முறைப்பாடு இல்லை.

ஐம்பது தாண்டிய பிறகு சிட்னிக்கு வந்து அவரும் இதே பரீட்சையை எடுத்தார். முதல் தடவை தோற்றார் என்று ஒரு வதந்தி உண்டு. வதந்தியைப் பரப்பியது அவருடைய மனைவி பவளம் அன்ரி. பிறகு தேறி, வெயிலும் ஈயும் நிறைந்த ஒரு தூர ஊரில் சில வருடம், பிறகு சிட்னியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பிறகு மருத்துவ மாணவர்களுக்கு ஆசிரியர். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவரைப் பார்த்து நடுங்கி, பிறகு அவரைப்போல நடித்துக் காட்டி, கடைசியில் அவருக்குப் பரிசும் கொடுத்தார்கள்.

ஒருமுறை நிர்வாகம் அவரைத் தொடர்பாடல் பயிற்சிக்கு அனுப்பியது. நாள் முழுக்கக் கலர் காகிதம் ஒட்டி, பக்கத்தில் இருப்பவரின் உணர்வை மதிக்கும் பயிற்சி. புரொபெசர் நடுவில் எழும்பி, வகுப்பு நடத்திய பெண்ணின் கழுத்தைக் காட்டி, தைரொயிட்டைப் போய்ச் சோதிக்கும்படி சொல்லிவிட்டு அமர்ந்தார். அவர் சொன்னது சரியாக இருந்தது. அந்தப் பெண் பிறகு வந்து நன்றி சொன்னாளாம். பயிற்சியில் மட்டும் அவருக்குச் சித்தி கிடைக்கவில்லை.

தனுஷ்யா

கராஜில் முன்பெல்லாம் கதிரை போதாது. பிறகு மெல்பேண் பக்கம் கிரெய்கிபர்னிலிருந்து ஒருவர் இணையவழி வகுப்புத் தொடங்கினார். அவரும் புரொபெசரின் பழைய மாணவர்தான். அது நோயாளியைத் தொடவே தேவையில்லாத வகுப்பு. தலையை எவ்வளவு சரித்தால் அனுதாபம், எப்போது மௌனம், மௌனத்தின் முடிவில் டிஷ்யூப் பெட்டியை எந்தக் கையால் தள்ளுவது, எல்லாம் அங்கே பாடம். பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே கழன்றார்கள். தேறினார்கள் என்பதுதான் புரொபெசருக்குப் பொறுக்க முடியாத பகுதி.

மிஞ்சியவர்கள் நாலைந்து பேர். அவர்களில் ஒருத்தி தனுஷ்யா. யாழ்ப்பாணத்தில் படித்தவள். குவேக்கர்ஸ் ஹில்லிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்துகொண்டிருந்தாள். இரண்டு தடவை தோற்றிருந்தாள். மூன்றாவதும் தோற்றால் மருத்துவத்தை விட்டுவிடுவதாகக் கணவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். கணவர் கெட்டவரில்லை. காத்திருந்து களைத்தவர்.

அவள் ஏன் தோற்கிறாள் என்பது என் முதுகுக்குத் தெரியும். அந்தக் கராஜில் என்னைத் தட்டிய கைகளில் அவளுடையதுதான் புரொபெசரின் கைக்கு அடுத்தது. ஆனால் வாயைத் திறந்தால், அதுவும் புரொபெசரின் வாய். “ம். என்ன செய்யுது? சுத்தி வளைக்காமச் சொல்லும்.” பரீட்சைக்காரர்கள் இரண்டு தடவையும் ஒரே குறிப்பைத்தான் சொன்னார்களாம். நோயாளியிடம் அனுமதி கேட்கவில்லை, குரல் கடுமை.

புரொபெசர் அதைக் கேட்டுச் சிரித்தார். “ஈரல் வீங்கியிருக்கிறவனிட்ட என்னத்துக்கு அனுமதி? ஈரலிட்டயே கேக்கிறது?”

நாங்களும் சிரித்தோம். தனுஷ்யா மட்டும் சிரிக்கவில்லை.

பொன்னாடை ஆள் தேடுகிறது

இந்த நேரத்தில்தான் எங்கள் தமிழ் மன்றம் வந்து சேர்ந்தது. மன்றத் தலைவர் யோகேஸ் அண்ணை தொழிலால் கணக்காளர், வேட்கையால் பொன்னாடைக்காரர். வருடத்துக்கு ஒருவரைப் போர்த்தாவிட்டால் அவருக்கு உடம்பு சுகமில்லாமல் போய்விடும். சிட்னியில் போர்த்தத்தக்க தோள்கள் எல்லாவற்றையும் அவர் போர்த்தி முடித்திருந்தார். ஒரு வருடம் ஆள் அகப்படாமல் முந்திய வருடத்தவரையே மறுபடி போர்த்தினார்கள். அவரும் குளிர்காலம்தானே என்று ஏற்றுக்கொண்டார்.

புரொபெசருக்குச் சேவை நயப்பு விழா என்று முடிவாயிற்று. எனக்கு வாழ்த்துப்பா எழுதும் பொறுப்பு. வசனத்தில் கவிதை எழுதுகிறவனிடம் வெண்பா கேட்பது, முடிவெட்டுபவரிடம் பல் பிடுங்கக் கேட்பது போல. யோகேஸ் அண்ணைக்கு இரண்டும் தலையில் நடக்கும் வேலைதான்.

விளம்பரத்தை ஊரில் ஓர் அச்சகத்தாரிடம் செய்வித்தார்கள். மலிவு, வேகம், தமிழும் வடிவாக வரும். அந்த அச்சகத்தாருக்கு வருடம் முழுக்க ஒரே வேலைதான்: மரண அறிவித்தல். கை எந்த வழியில் பழகியதோ அந்த வழியில் போயிற்று. நீள்வட்டச் சட்டத்துக்குள் புரொபெசரின் படம். சட்டத்தைச் சுற்றிப் பூ. இரு பக்கமும் குத்துவிளக்கு. கீழே, வடமராட்சியைப் பிறப்பிடமாகவும் சிட்னி குவேக்கர்ஸ் ஹில்லை வதிவிடமாகவும் கொண்ட மருத்துவப் பேராசிரியர் அருளம்பலம் அவர்கள் தமது நீண்ட சேவையிலிருந்து ஓய்வுபெற்று, என்று ஒரு வசனம். கடைசி வரியில், உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

சேவை நயப்பு விழா என்ற சொற்களும் இருந்தன. மஞ்சள் பின்னணியில் பொன்னெழுத்து. கைத்தொலைபேசியில் அது வெறும் வெயிலாகத்தான் தெரிந்தது.

யோகேஸ் அண்ணை சரிபார்த்தாரா என்று பிறகு கேட்டார்கள். பார்த்தாராம். தன் பெயருக்கு முன்னால் போடவேண்டிய பட்டம் விடுபடாமல் இருக்கிறதா என்று.

வெள்ளிக்கிழமை மாலை அது வட்ஸ்அப்பில் ஏறியது. இரவுச் சாப்பாட்டுக்குள் லண்டனில் அழுதார்கள். கனடாவில் விடியும்போது அழுதார்கள்.

அவர் குளிக்கிறார்

சனிக்கிழமை காலை நான் வழமைபோலப் போனேன். கதவு திறந்திருந்தது. பவளம் அன்ரி குசினி வாசலில் தொலைபேசியோடு நின்றார்.

“இல்லைத் தம்பி, அவர் குளிக்கிறார்... ஓம், இப்பதான்... இல்லையப்பா, ஒருத்தரும் குளிப்பாட்டேல்லை. தானாத்தான் குளிக்கிறார்.”

வைத்தார். அது மறுபடி அடித்தது. பூதவுடலை எப்போது பார்வைக்கு வைப்பீர்கள் என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். அன்ரியின் முகத்தில் நாற்பது வருடத் தாம்பத்தியத்தின் பொறுமை முழுவதும் திரண்டு நின்றது.

“பூதவுடல் குளிச்சு முடிய இடியப்பம் சாப்பிடும். அதுக்குப் பிறகு வாங்கோ.”

கராஜில் கதிரைகள் காலியாக இருந்தன. இருந்த நாலைந்து பேரில் ஒருத்தியைத் தவிர மற்றவர்கள் அன்று காலையே கிரெய்கிபர்ன் வகுப்பில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு அறிந்தேன். ஒருவர்கூட ஓர் அழைப்பு எடுத்து உறுதிப்படுத்தவில்லை. துக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதல்லவா.

புரொபெசர் ஈரத் தலையோடு வந்து கட்டிலின் விளிம்பில் அமர்ந்தார். கையில் ஐபாட். உலகெங்கும் இருந்த மாணவர்கள் எழுதித் தள்ளியிருந்தார்கள். அவர் சத்தமாக வாசித்தார். முதலில் நல்ல சந்தோசம். செத்த பிறகு கிடைக்கும் புகழை ஈரத் தலையோடு இருந்து வாசிக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஒருவருடைய ஸ்டெதஸ்கோப்பை இவர் யன்னலால் எறிந்தாராம், அதனால்தான் அவர் இன்று மனிதராம். ஒருவரை மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்றாராம், அவர் இன்று லண்டனில் இருதய நிபுணராம். ஒருத்தியை வார்டு முழுக்கப் பார்க்க அழவைத்தாராம், அவள் அந்தக் கண்ணீரை இன்றும் பொக்கிசமாக வைத்திருக்கிறாளாம். கும்பிடும் கைகள், வாடிய ரோசாக்கள், ஓம் சாந்தி.

புரொபெசர் சிரித்துச் சிரித்து வாசித்துக்கொண்டு போனார். பிறகு வாசிப்பு முணுமுணுப்பாயிற்று. பிறகு விரல் மட்டும் நகர்ந்தது. வெளியே பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டத் தொடங்கினான். பச்சை மணம் கராஜுக்குள் வந்தது.

“கவிஞர், இதில எங்கயாவது ஒரு வருத்தக்காரர் இருக்கிறாரோ எண்டு பாரும்.”

வாங்கிப் பார்த்தேன். நெடுநேரம் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு நோயாளியும் இல்லை. ஒரு நெஞ்சு, ஓர் ஈரல், பேனாவால் வைத்த ஒரு புள்ளி, ஒன்றும் இல்லை. எல்லாரும் புரொபெசரைத்தான் எழுதியிருந்தார்கள்.

“நான் அவையளுக்குக் காட்டினது என்னையில்லை,” என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை. புல்வெட்டும் இயந்திரத்திடம் சொன்னார்.

சாவீட்டுச் சாப்பாடு

அப்போதுதான் தனுஷ்யா வந்தாள். வெள்ளைச் சல்வார், வீங்கிய கண், கையில் துணியால் கட்டிய பானை. சாவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சமைத்துக்கொண்டு வந்திருந்தாள். கராஜ் வாசலில் புரொபெசரைக் கண்டதும் பானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நல்லவேளை, விடவில்லை.

புரொபெசர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“லேட்.”

அவள் அழத் தொடங்கினாள். இந்த முறை வேறு அழுகை. புரொபெசருக்கு அழுகிறவர்களை என்ன செய்வதென்று தெரியாது. இத்தனை வருட அனுபவத்தில் அவர் அந்தக் கட்டத்தில் எப்போதும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அன்று அடுத்த கட்டில் இல்லை. பானை மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, கறிக்கு உள்ளி காணாது என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாலு பேருமாக இருந்து அவருடைய சாவீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டோம். அவர்தான் அதிகம் சாப்பிட்டார்.

கை கழுவியதும், “இண்டைக்குக் கவிஞர் இருந்து பாக்கட்டும். நான் வருத்தக்காரன்,” என்று தானே கட்டிலில் ஏறிப் படுத்தார். இதற்கு முன் அவர் அந்தக் கட்டிலில் படுத்ததில்லை. முதல்நாள் மாலையிலிருந்து செத்துக்கிடந்தவருக்கு நோயாளி வேடம் பதவி உயர்வுதான். “தமிழிலயே செய்யும். எனக்கு இங்கிலிஷில நோகாது.”

நான் அன்ரியின் பூசை மணியை அடித்தேன். தனுஷ்யா உள்ளே வந்தாள்.

“ம். என்ன செய்யுது?”

“மூச்சு இளைக்குது.”

“எப்ப தொடக்கம்? கதை வேண்டாம், எப்ப தொடக்கம்? ம். சேட்டைக் கழட்டுங்கோ. திரும்புங்கோ. மூச்சை இழுங்கோ. இழுக்கிறது எண்டா இழுக்கிறது.”

டொக், டொக். விரல்கள் முதுகில் மேலிருந்து கீழே இறங்கின. ஒரு விலா, அடுத்த விலா. அந்த முதுகை நான் அன்றுதான் கண்டேன். கொக்கின் இறகுபோல வெளிறி, தோள்பட்டைகள் கூர்ந்து, தொட்ட இடமெல்லாம் சிலிர்த்துக்கொண்டு. ஆயிரமாயிரம் முதுகுகளைத் தட்டியவரின் முதுகு. அதை யாரும் தட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. யூலை மாதக் குளிர், தனுஷ்யாவின் கழுவிய கை. அவர் சட்டையைக் கொஞ்சம் இழுத்துவிடப் பார்த்தார்.

“அசையாதேங்கோ.”

அசையவில்லை.

மணி அடித்தேன். புரொபெசர் எழும்பி இருந்தார். பொத்தானைப் போடாமலே எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் இப்பிடியோ கதைக்கிறனான்?”

அன்ரிதான் வாசலில் நின்று பதில் சொன்னார். “இல்லை. இது நல்ல பிள்ளை, குறைச்சுக் கதைக்குது.”

“என்னை ஒருக்கா, பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லியிருக்கலாம்,” என்றார் தனுஷ்யாவிடம், மனத்தாங்கலோடு.

அவள் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

“அதை நீங்கள் ஒருநாளும் சொல்லித் தரேல்லை சேர்.”

“மே ஐ”

அதற்குப் பிறகு பரீட்சைவரை ஒவ்வொரு நாளும் வகுப்பு. மாணவி ஒருத்தி என்று சொல்வது பிழை. மாணவர் இருவர்.

மருத்துவம் முழுவதும் அறிந்த புரொபெசரின் வாய்க்கு “மே ஐ” என்ற இரண்டு சொற்கள் வரவில்லை. குளிசையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்குபவர்போல முகத்தைச் சுளிப்பார். பயிற்சிக்காக அன்ரியிடம் கதிரையில் இருக்கலாமோ என்று கேட்டார். அன்ரி அவருடைய நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார். “உம்மட நெஞ்சைத் தொடலாமோ?” என்று முதல்முதலாக என்னிடம் கேட்டபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது. தனுஷ்யா அவருடைய பிழைகளைத் திருத்தினாள். “சேர், கேட்டுப்போட்டுப் பதில் வரும்வரைக்கும் நிக்கவேணும். கேக்கேக்கையே தொடக் கூடாது.” அவர் பதில் வரும்வரை நின்றார். அவருக்கு அது நீண்ட காலம்.

கிரெய்கிபர்ன்காரரிடம் சொல்லித் தரும்படி கேட்டிருக்கலாமே என்று நான் ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். அவர் பார்த்த பார்வையில் என் வால்வு ஒழுங்காக மூடிக்கொண்டது.

இடையில் விழாவும் நடந்தது. மண்டபம் நிரம்பியிருந்தது. பாதிப்பேர் வாழ்த்த வந்தவர்கள், மீதிப்பேர் உறுதிப்படுத்த வந்தவர்கள். பேச்சாளர்கள் பலர் இரங்கலுரையாக எழுதியதையே கொண்டுவந்து, மறைந்தார் என்ற இடங்களில் மட்டும் தடுக்கி விழுந்து எழும்பினார்கள். என் வாழ்த்துப்பாவை ஒலிவாங்கி பாதியில் விழுங்கிவிட்டது. ஒலிவாங்கிக்கும் ரசனை உண்டு.

யோகேஸ் அண்ணை பொன்னாடையை விரித்துக்கொண்டு புரொபெசரை நெருங்கினார். புரொபெசர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“என்னட்டக் கேட்டனீரோ?”

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. புரொபெசர் சிரிக்கவில்லை. யோகேஸ் அண்ணை வாழ்க்கையில் முதல்முறையாக, பொன்னாடை போர்த்தலாமோ என்று ஒரு மனிதரிடம் கேட்டார். புரொபெசர் கொஞ்சம் யோசித்தார். வேண்டாம் என்றார். பொன்னாடை போன வருடத்தவரின் தோளுக்குப் போயிற்று என்று கேள்வி.

இறக்கிவிடும் இடம்

தனுஷ்யா இப்போது, மனிதரைவிடச் செம்மறிகள் அதிகமான ஓர் ஊரில் டொக்டர். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசகரை இழுத்தடிப்பது தொடர்கதைக்காரரின் தொழில், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆனால் அவள் மெல்பேணுக்குப் புறப்பட்ட காலையில் எங்கள் மூவருக்கும் இது தெரியாது.

நான்தான் கார் ஓட்டினேன். புரொபெசர் முன்னால். அவள் பின்னால் இருந்து யன்னலோடு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பெயர் சொல்லவேண்டும், கை கழுவவேண்டும், கேட்கவேண்டும், பதில் வரும்வரை நிற்கவேண்டும். மழை தூறியது. கண்ணாடித் துடைப்பான் அவளுக்குத் தாளம் போட்டது. புரொபெசர் ஒருமுறைகூடத் திருத்தவில்லை. அவருடைய கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

விமான நிலையத்தில் இறக்கிவிடும் இடத்தில் கார் நிற்க விடமாட்டார்கள். மஞ்சள் சட்டைக்காரன் போ போ என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். புரொபெசர் இறங்கி, டிக்கியைத் திறந்து, அவளுடைய பையைத் தூக்கி நடைபாதையில் வைத்தார். வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் பையின் பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். மழைத்துளிகள் மூக்குக்கண்ணாடியில் வழிந்தன.

“போட்டு வாறன் சேர்.”

“ம்.”

அவள் பையை இழுத்துக்கொண்டு நாலடி வைத்திருப்பாள்.

“பிள்ளை.”

திரும்பினாள்.

“அங்க ஆரும் கேட்டா, என்னட்டப் படிச்சனான் எண்டு சொல்லிப்போடாதையும்.”

“ஏன் சேர்?”

“சோதினை வைக்கிறவங்களில பாதிப்பேர் என்னட்டப் பேச்சு வாங்கினவங்கள்.”

அவள் சிரித்தாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. மஞ்சள் சட்டைக்காரன் விசில் ஊதினான். புரொபெசர் காரில் ஏறப் போனவர், கதவைப் பிடித்தபடி மழைக்குள் நின்று, விசிலுக்கு மேலால் குரலை உயர்த்தினார்.

“பாஸ் பண்ணின பிறகு சொல்லும்.”